தலைசாய்க்க ஓர் இடம்: சிங்கப்பூர் செல்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

சிங்கப்பூரில் தனியார் வீடுகளின் வாடகை 2022-ம் ஆண்டில் மட்டும் 29.7% உயர்ந்தது. அடுத்த ஆண்டு அதற்கு மேல் 8.7%. 2024-ல் 1.9% இறங்கியது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 2021-ன் முடிவில் 100 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) இருந்த வாடகை மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 138 வெள்ளிக்கு வந்து நின்றிருக்கிறது. திருச்சியில் விமானம் ஏறிப் போகிற நம் இளைஞர்களின் சம்பளம் அந்த மூன்று ஆண்டுகளில் இப்படி உயரவில்லை. ஆனாலும், வேலை பேசும்போது தங்குமிடம் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. பல நேரம் வருவதே இல்லை.

தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் சிங்கப்பூருக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. சம்பளம் எவ்வளவு, ஏஜென்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும், ஓவர்டைம் கிடைக்குமா என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். கூரைக்கு எவ்வளவு போகும் என்பது மட்டும் அங்கே போய் இறங்கிய பிறகு தெரியவருகிறது. அதற்குள் ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடத் தொடங்கியிருக்கும்.

அட்டை தீர்மானிக்கும் கூரை

சிங்கப்பூரில் எங்கே தங்கலாம் என்பதை, கையில் இருக்கும் பணத்துக்கு முன்பே கையில் இருக்கும் வேலை அனுமதி அட்டை தீர்மானித்துவிடுகிறது. சென்னையிலோ கோவையிலோ வாடகை கொடுக்க முடிந்தவர் எந்தத் தெருவிலும் வீடு தேடலாம். அங்கே அப்படி இல்லை.

கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளுக்கு ஒர்க் பெர்மிட்டில் போகிறவர்களுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்வது முதலாளியின் சட்டப் பொறுப்பு. அவர்களில் பெரும்பாலோர் தங்குவிடுதிகளில்தான் இருக்கிறார்கள். அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில், அங்கே எல்லோரும் சொல்வதுபோல் 'வீவக' வீடுகளில், இந்தத் துறைகளின் இந்தியத் தொழிலாளர்கள் வாடகைக்குக் குடியேற முடியாது.

அடுத்தது எஸ் பாஸ். 2025 செப்டம்பர் முதல் இதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 3,300 வெள்ளி. அதற்கு மேல் இ பாஸ். அதற்கு 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளி. நிதித் துறையில் இன்னும் கூடுதல். இந்த இரு வகையினரும் பெரும்பாலும் தங்கள் சம்பளத்திலிருந்து தாங்களேதான் இடம் தேடிக்கொள்ள வேண்டும். மனைவியையோ குழந்தையையோ அழைத்துக்கொள்ள வேண்டுமானால் மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும்.

வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு எடுப்பதிலும் ஒரு வரம்பு உண்டு. மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடக்கூடிய வீடுகள், ஒரு பேட்டையில் 8%, ஒரு புளோக்கில் 11% என்ற அளவைத் தாண்டக் கூடாது. அந்த அளவு நிரம்பிவிட்டால் வீட்டுக்காரர் விரும்பினாலும் உங்களுக்கு வீட்டை முழுதாக விட முடியாது. தனி அறைக்கு இந்த வரம்பு இல்லை என்பதால், புதிதாகப் போகிறவர்கள் அறைகளை நோக்கித் தள்ளப்படுகிறார்கள்.

வீடு வாங்கிவிடலாமே என்று சில குடும்பங்கள் நினைப்பதுண்டு. வெளிநாட்டவர் வீவக வீடு வாங்க முடியாது. தனியார் அடுக்குமாடி வீடு வாங்கலாம். ஆனால் 2023 ஏப்ரல் 27 முதல் விலையில் 60% கூடுதல் முத்திரை வரியாகக் கட்ட வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அந்தக் கதவு இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

வாடகை வீடு ஏன் குறைவு?

1961 மே 25 அன்று சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பற்றிய தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தத் தீக்குப் பிறகு கழகம் வேகம் பிடித்தது. 1964-ல் குடிமக்கள் வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டம் வந்தது. 1966-ல் நிலம் கையகப்படுத்தும் சட்டம். 1968-ல் சேமநிதியிலிருந்து பணம் எடுத்து வீடு வாங்கலாம் என்றானது.

இன்று குடியிருப்பாளர் குடும்பங்களில் ஏறத்தாழ 90% சொந்த வீட்டில் வாழ்கின்றன. உலகின் பெருநகரங்களில் இது ஓர் அரிய சாதனை. அதை மனமாரப் பாராட்ட வேண்டும். சென்னையில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களைத் தூக்கி எறிந்த நாம் அதிலிருந்து கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது.

ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் குடிமக்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. கிட்டத்தட்ட எல்லோரும் சொந்த வீட்டில் இருக்கும் ஊரில் வாடகைச் சந்தை சிறியதாகத்தான் இருக்கும். ஒரு குடும்பம் தன்னிடம் மிஞ்சிய அறையை விட்டால் உண்டு. வசதி உள்ளவர் இரண்டாவதாக வாங்கிய தனியார் வீட்டை விட்டால் உண்டு. வீவக வீடு வாங்கியவர் பொதுவாக 5 ஆண்டு அதில் குடியிருந்த பிறகே முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியும். இந்தச் சிறிய சந்தையில்தான் வெளியிலிருந்து வந்தவர்கள் இடம் தேட வேண்டும். 2024 கணக்கின்படி சிங்கப்பூரின் மக்கள்தொகை 60.4 லட்சம். அதில் பத்துக்கு மூன்று பேர் குடிமக்களும் அல்லர், நிரந்தரவாசிகளும் அல்லர்.

தீவு என்பதும் ஒரு காரணம். சென்னையில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் தாம்பரத்தைத் தாண்டலாம், செங்கல்பட்டு வரை போகலாம். சிங்கப்பூரின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். பெருநகரச் சென்னை மாநகராட்சியைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு. அதற்கு அப்பால் கடல். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜோகூர் பாருவில் வாடகை மலிவுதான். அங்கிருந்து தினமும் லட்சக்கணக்கானோர் வேலைக்கு வந்து போகிறார்கள். ஆனால் அந்த வசதி மலேசியர்களுக்கு. இந்தியக் கடவுச்சீட்டோடு போகிறவர் அங்கே குடியிருந்துகொண்டு சிங்கப்பூரில் வேலை பார்க்கத் திட்டமிட முடியாது.

ஒரே சங்கிலியின் கண்ணிகள்

2022-ல் வாடகை ஏன் அப்படிப் பாய்ந்தது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். அந்தக் காரணத்தின் முதல் கண்ணி நம் ஊர்த் தொழிலாளர்கள் படுத்திருந்த இரும்புக் கட்டிலில் இருக்கிறது.

2020 ஏப்ரலில் கோவிட் சிங்கப்பூரின் தங்குவிடுதிகளில் வேகமாகப் பரவியது. அப்போது அவற்றில் 3 லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் இருந்தார்கள். ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேரிலிருந்து இருபது பேர் வரை, பொதுக் கழிப்பறை, பொதுச் சமையலறை. விலகி இருங்கள் என்று சொன்னால் எங்கே விலகுவது? அந்த ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூர் அரசே வெளியிட்ட கணக்கின்படி, தங்குவிடுதித் தொழிலாளர்களில் 47% பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. பல மாதங்கள் அவர்கள் அறைகளிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள். சம்பளமும் சாப்பாடும் கிடைத்தன என்பது உண்மை. தமிழகத்தின் வீடுகளில் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் விழித்திருந்ததும் உண்மை.

தொழிலாளர்கள் அடைபட்டதால் கட்டுமானம் நின்றது. 2021 ஏப்ரலில் இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்தபோது இங்கிருந்து ஆட்கள் போவதும் தடைபட்டது. கட்டிக்கொண்டிருந்த வீவக வீடுகள் 6 மாதம், ஓராண்டு என்று தள்ளிப்போயின. புது வீட்டுக்குக் காத்திருந்த உள்ளூர்க் குடும்பங்கள் அதுவரை வாடகை வீடு தேடின. எல்லை திறந்ததும் வெளிநாட்டவரும் திரும்பி வந்தார்கள். இருந்த சில வீடுகளுக்கு இரு பக்கமும் போட்டி. வாடகை எகிறியது.

தொழிலாளியின் படுக்கையில் மிச்சம் பிடித்த காசை, இரண்டு ஆண்டு கழித்து அந்தத் தீவில் வாடகை கொடுத்த அத்தனை பேரும் வட்டியோடு கட்டினார்கள். கணினி நிறுவனத்தில் வேலை பார்த்த தமிழ் இளைஞரும் கட்டினார். திருமணமாகிப் புது வீட்டுக்குக் காத்திருந்த சீனத் தம்பதியும் கட்டினார்கள். தங்குமிடத்தைத் தனித்தனிப் பேருடைய தலைவலியாகப் பார்ப்பது தவறு என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

சிங்கப்பூர் அரசு அதிலிருந்து பாடம் கற்றது. 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான விதிகள் வந்தன: ஓர் அறையில் அதிகபட்சம் 12 பேர், ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், அறையோடு சேர்ந்த கழிப்பறை. 2023 ஏப்ரல் முதல், 7 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள எல்லா விடுதிகளும் உரிமச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. பழைய விடுதிகள் இடைக்காலத் தரத்துக்கு மாற 2030 வரை அவகாசம் தரப்பட்டிருக்கிறது. நல்ல நடவடிக்கைதான். ஆனால் பெருந்தொற்று முடிந்து அத்தனை ஆண்டுகள் அவகாசம் அதிகம் என்றே எனக்குப் படுகிறது. அந்த ஊரை எழுப்பியவர்கள் நல்ல தங்குமிடத்துக்கு இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டு நெருக்கடியைத் தணிக்க இன்னொரு தளர்வும் வந்தது. 2024 ஜனவரி 22 முதல், நான்கறை அல்லது அதைவிடப் பெரிய வீவக வீடுகளிலும், 90 சதுர மீட்டருக்குக் குறையாத தனியார் வீடுகளிலும், உறவினர் அல்லாத 6 பேருக்குப் பதில் 8 பேர் வரை தங்கலாம் என்று தற்காலிகமாக அனுமதித்தார்கள். ஆளுக்கு வரும் வாடகை கொஞ்சம் குறையும். வீட்டில் நெரிசல் கூடும்.

முதல் மாதக் கணக்கு

வெள்ளிக் கணக்கை ரூபாயில் பார்த்தால்தான் ஊரில் இருக்கும் குடும்பத்துக்குப் புரியும். ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

எஸ் பாஸில் 3,300 வெள்ளிக்குப் போகும் ஓர் இளைஞர், உட்லண்ட்ஸ், யீஷூன், ஜூரோங் போன்ற நகர மையத்துக்கு வெளியே உள்ள பேட்டைகளில் ஒரு 'காமன் ரூம்' பார்க்கிறார் என்று கொள்ளுங்கள். தனிக் குளியலறை இல்லாத அறை அது. மாதம் 1,000 வெள்ளி என்று பேசி ஓராண்டு ஒப்பந்தம் போட்டால், முதல் மாத வாடகை 1,000, முன்பணம் ஒரு மாதம் 1,000, முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4% என்பதால் 48 வெள்ளி. ஆக 2,048 வெள்ளி, ரூபாயில் 1.33 லட்சம். முதல் சம்பளம் வருவதற்கு முன்பே இது கையில் இருக்க வேண்டும். மின்சாரம், தண்ணீருக்கான 'பியூபி' கட்டணம் தனி என்று சொன்னால் அது வேறு.

குடும்பத்தோடு போகிறவர் நான்கறை வீட்டை மாதம் 3,200 வெள்ளிக்கு, இரண்டு ஆண்டுக்கு எடுக்கிறார் என்று வையுங்கள். இரண்டு மாத முன்பணம் 6,400. முதல் மாத வாடகை 3,200. முத்திரை வரி 307. கிட்டத்தட்ட 9,900 வெள்ளி. நம் பணத்தில் 6.4 லட்சம். முகவர் கட்டணம் கேட்டால் அதுவும் சேரும். 6,000 வெள்ளிச் சம்பளத்தில் பாதிக்கு மேல் மாதாமாதம் வாடகைக்கே போய்விடும். 'நான்கறை' என்பதில் கூடமும் ஓர் அறையாக எண்ணப்படுகிறது, படுக்கையறை மூன்றுதான். இது தெரியாமல் போகிறவர்கள் உண்டு.

வேலைக்கான கடிதத்தில் 'மாதம் 6,000 வெள்ளி' என்று பார்த்ததும் 3.9 லட்சம் ரூபாய் என்று பெருக்கிப் பார்த்து மகிழ்கிறோம். பெருக்குவதற்கு முன் வாடகையைக் கழிக்க வேண்டும்.

'இந்தியர்களுக்கு இல்லை'

பணம் இருந்தும் கதவு திறக்காத சந்தர்ப்பங்கள் உண்டு. சிங்கப்பூரின் வாடகை விளம்பரங்களில் 'நோ இந்தியன்ஸ்', 'நோ பிஆர்சி' என்ற வாசகங்கள் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வரும் விஷயம். 'பிஆர்சி' என்பது சீனாவிலிருந்து வந்தவர்களைக் குறிக்கிறது. இனத்தைக் குறிப்பிட்டு ஒதுக்கும் விளம்பரங்களைப் போடக் கூடாது என்று அங்குள்ள சொத்து முகவர்களுக்கு நெறிமுறை இருக்கிறது. விளம்பரத்தில் இல்லாவிட்டாலும் தொலைபேசியில் பெயர் சொன்னதும் 'ஏற்கெனவே போய்விட்டது' என்று பதில் வருவதை எந்த நெறிமுறையாலும் பிடிக்க முடியாது. வேலையிடத்தில் பாகுபாட்டைத் தடுக்க 2025 ஜனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. வாடகை வீட்டுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. வேலையிடத்தில் தவறு என்று ஒப்புக்கொண்டதை வீட்டு வாசலில் அனுமதிப்பது சரியல்ல. அந்த நாட்டின் சட்டமியற்றுபவர்கள் அடுத்த அடியை எடுக்க வேண்டும்.

இதைக் கேட்டுக் கோபப்படும் உரிமை நமக்கு உண்டு. கூடவே, சென்னையில் வீடு தேடும் ஒரு முஸ்லிம் இளைஞரிடமோ, தலித் குடும்பத்திடமோ, வடகிழக்கிலிருந்து வந்த பெண்ணிடமோ நம் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். 'சைவம் மட்டும்' என்ற பலகை எதற்காக என்று நமக்கெல்லாம் தெரியும்.

மறுப்புக்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம் சமையல் வாசனை. 'நோ குக்கிங்' என்றால் அடுப்பையே தொடக் கூடாது. 'லைட் குக்கிங்' என்றால் நூடுல்ஸ் கொதிக்க வைக்கலாம், முட்டை அவிக்கலாம், தாளிக்கக் கூடாது. சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியர்கள் வைக்கும் குழம்பின் வாசனை பொறுக்கவில்லை என்று முறையிட்டது. அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் குழம்பு வைப்பதென்று சமரசம் பேசப்பட்டது. 2011-ல் இந்தச் செய்தி வெளியானதும் சிங்கப்பூர் மக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்ற வேறுபாடின்றி ஆயிரக்கணக்கான வீடுகளில் வேண்டுமென்றே குழம்பு வைத்தார்கள். அந்தத் தீவின் நல்ல மனம் அது. அந்த மனம் வாடகை விளம்பரங்களுக்கும் வர வேண்டும்.

சமையலுக்குத் தடை என்பது வெறும் ருசிப் பிரச்சினையும் அல்ல. மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டால் மாதச் செலவு எங்கே போகும் என்று பாருங்கள். 100 வெள்ளி குறைவான அறை என்று எடுத்துவிட்டு, சமைக்க முடியாததால் அதைவிடக் கூடுதலாகக் கடையில் கொடுப்பவர்கள் ஏராளம். அறை பார்க்கும்போது வாடகைக்கு முன் அடுப்பைப் பற்றிக் கேட்க வேண்டும்.

பணம் கைமாறும் முன்

இங்கிருந்தபடி படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். முகவர்போல் நடித்து, அழகான வீட்டின் படத்தையும் காணொலியையும் அனுப்பி, 'வேறு இருவர் கேட்கிறார்கள், இன்றே கட்டினால்தான் கிடைக்கும்' என்று அவசரப்படுத்தி ஏமாற்றுவது அங்கே தொடர்ந்து நடக்கும் மோசடி. சொத்து முகவர்களுக்கான மன்றம் இணையத்தில் ஒரு பொதுப் பதிவேடு வைத்திருக்கிறது. முகவரின் பெயர் மட்டும் அதில் இருந்தால் போதாது. உங்களை அழைக்கும் தொலைபேசி எண்ணும் அதில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வீவக வீட்டு வாடகைப் பணத்தை முகவர் தன் கையில் வாங்கவே கூடாது என்பது விதி. வாங்க வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

'நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் அறை வைத்திருக்கிறார்' என்ற நம்பிக்கையில் போவது நம்மிடையே அதிகம். அந்த ஊர்க்காரர் வீட்டு உரிமையாளரா, அவரே வாடகைக்கு இருப்பவரா? வீவக வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதை இன்னொருவருக்கு உள்வாடகை விட முடியாது. அப்படி விட்ட அறையில் நீங்கள் இருந்தால் ஒரே நாளில் பெட்டியைத் தூக்க வேண்டி வரலாம். கொடுத்த முன்பணமும் திரும்பாது. உரிமையாளர் உங்கள் பெயரைப் பதிந்து வாங்கிய வீவக ஒப்புதலைக் கேட்டுப் பாருங்கள். கூடத்தைத் தட்டி வைத்து மறைத்துப் படுக்கை போட்ட இடங்களைத் தவிர்த்துவிடுங்கள்; கூடத்தைப் படுக்கையறையாக வாடகைக்கு விட அனுமதி இல்லை.

கால அளவையும் கவனியுங்கள். வீவக வீடோ அறையோ குறைந்தது 6 மாதம். தனியார் வீடு குறைந்தது 3 மாதம். அதற்குக் குறைவாக நாள்வாடகைக்கு வீட்டைக் கொடுப்பது சட்டமீறல். எனவே இறங்கியதும் சில நாள் தங்க உரிமம் பெற்ற ஹாஸ்டல் அல்லது விடுதியில் படுக்கை பிடித்துக்கொண்டு, நேரில் பார்த்து அறை எடுப்பதே பாதுகாப்பு. அந்தச் சில நாள் செலவு வீண் இல்லை.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரி ஒன்று உண்டு. வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, ஓராண்டுக்குப் பின் இரண்டு மாத முன்னறிவிப்போடு வெளியேறலாம் என்று சொல்லும் வரி. 'டிப்ளமாட்டிக் கிளாஸ்' என்பார்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இது இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை போனால் நாட்டைவிட்டே போக வேண்டிய நிலையில் இருப்பவருக்கு மீதி மாத வாடகை பெரும் சுமையாகிவிடும். ஏசி பராமரிப்பு யார் செலவு, சிறு பழுதுகளுக்கு எந்தத் தொகை வரை நீங்கள் கட்ட வேண்டும் என்பதையும் படித்துவிடுங்கள். குடிபுகும் நாளில் சுவர், கட்டில், குளியலறை என்று எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கே அனுப்பி வையுங்கள்.

முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களில் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. ஆனால் நீங்கள் விமானம் ஏறிவிட்ட பிறகு அதெல்லாம் எளிதல்ல. நீங்களும் உரிமையாளரும் சேர்ந்து வீட்டைப் பார்ப்பதைப் புறப்படும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் அடிப்பவர்களுக்கு

மேலே சொன்ன பலவும் அறை தேடுகிறவர்களுக்கு. ஸ்கில் டெஸ்ட் (திறன் தேர்வு) அடித்து ஒர்க் பெர்மிட்டில் போகிறவருக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை. அவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் ஐபிஏ எனப்படும் முன்னனுமதிக் கடிதம். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் தனித்தனியே இருக்கும். தங்குமிடத்துக்காக மாதம் எவ்வளவு பிடிக்கப்படும் என்ற வரியைப் பாருங்கள். அங்கே எதுவும் குறிக்கப்படாமல், போன பிறகு பிடித்தால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பிடித்தத்தைக் கூட்டக் கூடாது. வெற்றுத்தாளில், புரியாத படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஐபிஏவைப் படமெடுத்து ஒரு பிரதியை ஊரில் வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தொழிலாளர் தங்கும் முகவரியை மனிதவள அமைச்சிடம் பதிவு செய்வதும், இடம் மாறினால் புதுப்பிப்பதும் முதலாளியின் கடமை. பதிவில் ஓர் இடம், படுக்கை வேறோர் இடம் என்றால் அமைச்சிடம் சொல்லுங்கள்.

சென்னையும் டெல்லியும் செய்ய வேண்டியவை

வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் பத்தாம் வகுப்பு முடிக்காத தொழிலாளர் போகும்போது குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதற்கு ஒப்பந்தம் பதிவாக வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அங்கே போகிறவரின் ஒப்பந்தத்தில் கூரை இருக்கிறதா என்று இந்தியப் பக்கத்தில் பார்ப்பவர் யாரும் இல்லை. 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தை மாற்றும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. புதிய சட்டத்தில், எந்த நாடாக இருந்தாலும் தங்குமிடத்தின் வகை, முகவரி, பிடித்தத் தொகை ஆகிய மூன்றும் இல்லாத வேலை ஒப்பந்தத்தை ஆள்சேர்ப்பு முகவர் கையாளக் கூடாது என்று எழுத வேண்டும். தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை வலியுறுத்தலாம்.

தமிழக அரசு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அயலகத் தமிழர் நலத்துக்கென்று ஆணையரகமும் வாரியமும் இங்கே இருக்கின்றன. 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. புறப்படுவதற்கு முன் நடத்தும் பயிற்சியில் தங்குமிடத்துக்கென்று அரை நாள் ஒதுக்கட்டும். சிங்கப்பூரின் சொத்து முகவர் மன்றம் வெளியிட்டுள்ள மாதிரி வாடகை ஒப்பந்தத்தைத் தமிழில் எளிய விளக்கத்தோடு இரண்டு பக்கத்தில் அச்சிட்டு, திருச்சி விமான நிலையத்திலும் கடவுச்சீட்டு அலுவலகங்களிலும் வைக்கட்டும். ஐபிஏ கடிதத்தை அனுப்பினால் அதன் பிடித்த வரியைப் படித்துச் சொல்ல ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும். கேரளத்தின் நோர்க்கா அமைப்பு வெளிநாடு செல்வோருக்கு இதுபோன்ற வழிகாட்டுதலைப் பல ஆண்டுகளாகத் தருகிறது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பணக் கடன். வாரியத்தில் பதிவு செய்து, வேலை அனுமதிக் கடிதமும் வாடகை ஒப்பந்தமும் காட்டுபவருக்கு, கூட்டுறவு வங்கி வழியாக 1.5 லட்சம் ரூபாய் வரை குறைந்த வட்டியில், ஓராண்டில் திருப்பிக் கட்டும்படி கொடுக்கலாம். இங்கே கேட்பது இரண்டு மாத முன்பணமும் இல்லை, மானியமும் இல்லை. ஓர் அறைக்கான முதல் மாதச் செலவு. கந்துவட்டிக்காரரிடம் போகாமல் ஒருவரைத் தடுக்க அது போதும். அடுத்த அயலகத் தமிழர் தினமான ஜனவரி 12 அன்று, முதற்கட்டமாகத் தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய 5 மாவட்டங்களில் இதைத் தொடங்குவதாக அரசு அறிவிக்கலாம். அந்நிகழ்ச்சிக்கு வரும் சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளிடம், புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் தங்குவதற்கு உரிமம் பெற்ற ஹாஸ்டல்களில் சில படுக்கைகளைக் குறைந்த கட்டணத்தில் பேசி வைக்குமாறு கேட்கலாம்.